பவளத்தின் நாள்கணக்கு

இன்று மார்கழி 24. அந்தியூருக்கு வடக்கே நிற்கும் பர்கூர் மலை காலை எட்டு மணி வரை பனிமூட்டத்துக்குள் மறைந்து கிடக்கிறது. ஐந்து மணிக்கு எழுந்து வாசல் தெளித்துக் கோலமிட்டு, சாணிப் பிள்ளையாருக்குப் பூசணிப்பூவைச் செருகியதும், கையில் ஒட்டிய கோலமாவைத் துடைத்தபடியே நேராகக் கட்டுத்தரைக்குத்தான் போகிறேன். அங்கே மூன்று எருமைகளையும் ஒரு பசுவையும் தாண்டிக் கடைசித் தடுப்பில் எங்கள் செவலைக் குதிரை பவளம் நிற்கிறாள். என் காலடி கேட்டதும் தொண்டைக்குள்ளேயே ஒரு சிறு கனைப்புக் கனைப்பாள். அதைக் கேட்ட பிறகுதான் எனக்குப் பொழுது விடிந்ததாகக் கணக்கு.

பவளம் சினையாக இருக்கிறாள். கடந்த மாசி 8ஆம் நாள் அவளைப் பொலிகுதிரையிடம் சேர்த்தோம். பால்கணக்கு எழுதும் நோட்டின் கடைசிப் பக்கத்தில் அன்று முதல் நாள்களைக் கோடு போட்டு எண்ணி வருகிறேன். இன்றைய கோடு 322. குதிரைக்குச் சினைக்காலம் சராசரியாக 340 நாள்கள். 320 முதல் 360 நாள்கள் வரை எப்போது ஈன்றாலும் அது இயல்பே என்று கால்நடை மருத்துவர் சொல்லியிருக்கிறார். ஆகவே தை இரண்டாம் வாரத்தை மனத்தில் குறித்து வைத்திருந்தாலும், இரண்டு நாள்களுக்கு முன்பிருந்தே எந்த இரவும் அந்த இரவாக இருக்கலாம் என்ற நிலைக்கு வீடு வந்துவிட்டது.

இந்தக் குளிர்காலத்தில் எங்கள் வீட்டு வேலைகள் பலவும் இந்தக் குதிரையைச் சுற்றியே நடக்கின்றன என்பதைச் சமையற்கட்டில்தான் முதலில் உணர்ந்தேன். கொங்கு நாட்டு வீடுகளில் பனிக்காலம் வந்தால் கொள்ளு இல்லாத வாரம் இருக்காது. உடலுக்குச் சூடு தரும் என்பதால் மழைக்காலம் தொடங்கியது முதல் தை முடியும் வரை கொள்ளுப்பருப்பும் கொள்ளு ரசமும் மாறி மாறி வந்துகொண்டிருக்கும். எங்கள் வீட்டில் முதல் நாள் இரவே இரண்டு பாத்திரங்களில் கொள்ளு ஊறும். காலையில் பெரிய பாத்திரம் வெளியடுப்பில் ஏறும்; இரண்டு விரல்களுக்கு நடுவே வைத்து அழுத்தினால் மசியும் பதத்தில் இறக்கி, ஆறவைத்துக் கோதுமைத் தவிடும் ஒரு கை உப்பும் தாது உப்புக் கலவையும் சேர்த்தால் அது பவளத்தின் காலை உணவு. சின்னப் பாத்திரத்துக் கொள்ளு எங்களுக்கு. அதன் தண்ணீரை வடித்து ரசத்துக்கு எடுத்துக்கொண்டு, வெந்த கொள்ளோடு சீரகம், பூண்டு, வறமிளகாய், கொத்தமல்லி விதை ஆகியவற்றை வதக்கிச் சேர்த்து ஆட்டுக்கல்லில் கெட்டியாக ஆட்டிக்கொள்வேன். சூடான சோற்றில் அந்தப் பருப்பைப் பிசைந்து நல்லெண்ணெய் விட்டுச் சாப்பிடும் என் மாமனார், "குதிரையும் நாமும் ஒரே தானியத்துல நிக்கறமுங்க அம்மணி" என்று ஆண்டுதோறும் சொல்வார். மருமகளைக்கூட மரியாதை விகுதி இல்லாமல் அவர் அழைத்து நான் கேட்டதில்லை.

அந்தக் கொள்ளும் எங்கள் காட்டில் விளைந்ததே. புரட்டாசிக் கடைசியில் மழையை நம்பி மேட்டுக்காட்டில் விதைத்தது இப்போது காய் முற்றிப் பழுப்பேறி நிற்கிறது. வெயில் ஏறிய பின் கை வைத்தால் காய் வெடித்துக் கொள்ளு மண்ணில் சிதறிவிடும் என்பதால், பனி ஈரம் காயாத விடியற்காலையிலேயே செடியைப் பிடுங்கிக் களத்தில் போட வேண்டும். நேற்றும் இன்றும் அந்த வேலைதான். விரல்கள் விறைத்துப்போன பிறகு வரப்பில் அமர்ந்து குடிக்கும் சுக்குக் காப்பிக்கு இணையாக இந்த மாதத்தில் வேறொன்றையும் சொல்லமாட்டேன். கொள்ளு அடித்து முடித்ததும் மிஞ்சும் பொட்டும் தழையும் மாடுகளுக்கு. மேலாக இருப்பதில் கொஞ்சம் பவளத்துக்கும் போகும்.

தீவனத்தைப் பற்றி இங்கே விரிவாக எழுத ஒரு காரணம் இருக்கிறது. சினையின் கடைசி மூன்று மாதங்களில்தான் வயிற்றுக்குள் இருக்கும் குட்டி தன் எடையில் பாதிக்கும் மேலானதைச் சேர்க்கிறது. எங்கள் ஊரில் அந்த மூன்று மாதங்கள் ஐப்பசி, கார்த்திகை, மார்கழி என்று அமைந்துவிட்டன. மழை விட்டும் விடாமலும் இருக்கும் இந்தக் காலத்தில் பச்சைப்புல் தாராளமாகக் கிடைக்கும். ஆனால் போரில் இருக்கும் கடலைக்கொடியும் சோளத்தட்டும் உள்ளே நனைந்து பூசணம் பிடித்திருக்கும். மாடு ஓரளவு தாங்கிக்கொள்ளும் பூசணத்தைக் குதிரை தாங்காது. அதற்கு ஒரே இரைப்பைதான், வாந்தி எடுக்கவும் முடியாது, தவறானது உள்ளே போனால் வயிற்று வலியில் தரையில் விழுந்து புரளும். ஆகவே கொடியை ஒவ்வொரு கட்டாகப் பிரித்து, முகர்ந்து பார்த்து, வெள்ளைப் பொடி பறக்கும் கட்டைத் தனியே ஒதுக்கி எருக்குழிக்கு அனுப்புகிறேன். தண்ணீரிலும் அதே கவனம் வேண்டும். பனிக்காலத்தில் தொட்டித் தண்ணீர் சில்லென்று இருப்பதால் பவளம் இரண்டு வாய் வைத்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொள்வாள். காய்ந்த தட்டைத் தின்றுவிட்டுத் தண்ணீர் குறைவாகக் குடித்தால் குடலில் தீவனம் கட்டிக்கொள்ளும் என்பதால், காலையும் மாலையும் ஒரு அண்டா தண்ணீரை வெதுவெதுப்பாக்கி வைக்கிறோம். அதை ஒரே மூச்சில் உறிஞ்சி முடிப்பதைப் பார்க்கும்போது எனக்கே தாகம் தீர்ந்தாற்போல இருக்கும்.

குளிரைப் பற்றி வீட்டில் ஒரு சிறு கருத்து வேறுபாடும் நடந்தது. மார்கழி பிறந்ததும் என் அத்தை, தன் கல்யாணத்துக்கு வந்த பழைய பவானி ஜமுக்காளத்தை எடுத்து வந்து பவளத்தின் முதுகில் போர்த்தச் சொன்னார். அவருடைய அன்பு எனக்குப் புரிந்தது. ஆனால் குதிரைக்கு ஆண்டின் இந்தப் பகுதியில் தானாகவே மயிர் அடர்ந்துவிடும். பகல் குறுகுவதை அதன் உடல் அறிந்துகொண்டு முன்கூட்டியே மேல்மயிரை வளர்க்கிறது. எங்கள் பக்கத்தில் மார்கழிப் பகல் ஏறத்தாழ பதினொன்றரை மணி நேரம்தான். ஆடிப் பகலைவிட ஒரு மணி நேரத்துக்கு மேல் குறைவு. அந்த வேறுபாடே போதும், பவளத்தின் தோள்மயிர் இப்போது விரல் நுனி புதையும் அளவுக்கு இருக்கிறது. போர்வை போட்டால் அந்த மயிர் அமுங்கி, அதன் நடுவே தங்கும் வெப்பக்காற்று போய்விடும். தூறலில் போர்வை நனைந்தால் குளிர் இரட்டிப்பாகும். இதை அத்தையிடம் பொறுமையாகச் சொன்னேன். அவர் சற்று நேரம் யோசித்துவிட்டு, "அப்படின்னா வாடைக்காத்து வர்ற பக்கம் கட்டி விடு கண்ணு, துணி வீணாப் போகாது" என்றார். அதன்படி சிவப்பும் பச்சையுமாகப் பட்டை போட்ட அந்த ஜமுக்காளம் இப்போது தடுப்பின் வடக்குப் பக்கத்தில் திரையாகத் தொங்குகிறது. எனக்குத் தோன்றாத நல்ல யோசனை அது.

பவளம் எங்கள் வீட்டுக்கு வந்த கதையையும் சொல்ல வேண்டும். என் மாமனார் இளமையில் குதிரை வண்டி ஓட்டியவர். அந்தியூர் வெற்றிலைக்குப் பெயர் போன ஊர். கொடிக்கால்களிலிருந்து வெற்றிலைக் கட்டுகளை விடியும் முன் சந்தைக்குக் கொண்டு சேர்ப்பதுதான் அவர் வேலை. வாடாமல் போய்ச் சேர வேண்டிய சரக்கு என்பதால் மாட்டு வண்டியைவிடக் குதிரை வண்டிக்கே மதிப்பு இருந்ததாம். டெம்போ வந்த பிறகு வண்டி நின்றது, குதிரையும் வயதாகி இறந்தது. ஆனால் கடிவாளமும் சேணத்தின் தோல்வார்களும் எண்ணெய் பூசப்பட்டு இருபது ஆண்டுகளாக உத்தரத்தில் தொங்கின. கடைசியில் அவர் எழுபது வயதை நெருங்கும்போது ஒரு ஆடியில், குருநாதசாமி கோயில் சந்தையில் இரண்டு வயதுக் குட்டியாக இருந்த பவளத்தைப் பிடித்து வந்தார்.

எங்கள் வீட்டில் ஆண்டு சித்திரையில் தொடங்குவதாகக் காலண்டர் சொன்னாலும், நாங்கள் எண்ணுவது ஆடியிலிருந்துதான். அந்தியூரை ஒட்டிய புதுப்பாளையத்தில் குருநாதசாமி கோயில் இருக்கிறது. ஆடி மாதப் புதன்கிழமை ஒன்றில் தேர்த் திருவிழா தொடங்கும். அடியார்கள் தோளில் சுமக்கும் மகமேருத் தேர் மடப்பள்ளியிலிருந்து வனக்கோயிலுக்குப் புறப்படும்போது எழும் ஒலியில் நெஞ்சுக்குள் ஏதோ அசையும். அந்த நாள்களில் கோயிலைச் சுற்றிய வெளியெல்லாம் கால்நடைச் சந்தையாகிவிடும். காங்கேயம் காளைகள், செந்நிறத்தில் வெள்ளைத் திட்டுகள் கொண்ட பர்கூர் மலைமாடுகள், ஆடுகள் எல்லாம் வந்தாலும் அந்தச் சந்தையின் பெயர் நாடெங்கும் பரவியிருப்பது குதிரைகளால்தான். திப்பு சுல்தான் காலத்தில் படைக்குக் குதிரை வாங்க இங்கே ஆள் வந்ததாக ஊரில் பெரியவர்கள் சொல்வது வழக்கம்.

சிறுமியாக இருந்தபோது என் அம்மாவின் அப்பாவான அப்புச்சியின் தோளில் அமர்ந்து அந்தச் சந்தையைப் பார்த்தேன். இன்று வரை எனக்கு அலுக்காத காட்சி, காதுகளைப் பார்ப்பது. சௌராட்டிரத்துக் காத்தியவாரிக் குதிரையும் சோத்பூர்ப் பக்கத்து மார்வாரிக் குதிரையும் காது நுனிகளை உள்நோக்கி வளைத்துச் சில சமயம் ஒன்றோடொன்று தொடும்படி நிறுத்தும். நம் பகுதியின் நாட்டுக் குதிரைகளின் காது சிறுத்து நேராக இருக்கும். வாங்க வந்தவர்கள் முதலில் வாயைத் திறந்து பல்லைப் பார்ப்பார்கள். இரண்டரை வயதில் நடுப்பற்கள் விழுந்து முளைக்கத் தொடங்கி, ஐந்து வயதில் வாய் நிறைந்துவிடும் என்பதால் அதற்குள் பொய் வயது சொல்வது கடினம். பிறகு சுழி பார்ப்பார்கள். நெற்றியில், கழுத்தில், விலாவில் மயிர் சுழலும் இடத்தை வைத்து வீட்டுக்கு ஆகுமா ஆகாதா என்று சொல்லும் இந்த வழக்கத்தில் எனக்கு நம்பிக்கை குறைவு. நல்ல கால்களும் தெளிந்த கண்ணும் உள்ள குதிரையைச் சுழியின் பெயரால் பாதி விலைக்குக் கேட்பதைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கும். பவளத்தைக்கூடக் கழுத்துச் சுழி ஒன்றைக் காரணம் காட்டி இருவர் விட்டுப் போன பிறகுதான் என் மாமனார் பிடித்தார். துண்டுக்குள் கையை நுழைத்து விரல்களைப் பிடித்து விலை பேசி முடித்துவிட்டு அவர் நிமிர்ந்தபோது கண்கள் ஈரமாக இருந்ததை என் கணவர் பார்த்திருக்கிறார்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு கார்த்திகையில் பவளம் முதல் குட்டியை ஈன்றாள். அன்று இரவு அடைமழை. மாலையில் அவள் தீவனம் தின்னாமல் நின்றதை மழையின் சோர்வு என்று எண்ணிக்கொண்டு நாங்கள் கதவைச் சாத்திப் படுத்துவிட்டோம். விடிந்து பார்த்தபோது சேற்றோரத்தில் ஒரு குட்டி, எழுந்து நிற்க முயன்று முயன்று ஓய்ந்துபோய்க் கிடந்தது. எப்போது பிறந்தது, பால் குடித்ததா என்று சொல்ல ஒருவரும் இல்லை. துடைத்து, தூக்கி நிறுத்தி, மடியில் வாய் வைக்கச் செய்தோம். நான்காம் நாள் அது இறந்துவிட்டது. அதன் பிறகு மருத்துவர் விளக்கிச் சொன்னதை நான் ஒருபோதும் மறக்கமாட்டேன். குதிரைக்குட்டிக்கு நோய் எதிர்ப்புப் பொருள் கருப்பைக்குள் இருக்கும்போது தாயிடமிருந்து வருவதில்லை. பிறந்த பின் குடிக்கும் சீம்பாலில்தான் அது முழுவதும் இருக்கிறது. முதல் சில மணி நேரத்தில் குடித்தால்தான் அது குடல் வழியாக இரத்தத்தில் சேரும். ஒரு நாள் கழிந்தால் அந்த வழி அடைபட்டுவிடும். குட்டி ஒரு மணி நேரத்துக்குள் எழுந்து நிற்க வேண்டும், இரண்டு மணி நேரத்துக்குள் பால் குடிக்க வேண்டும், மூன்று மணி நேரத்துக்குள் தாய்க்கு நஞ்சுக்கொடி விழ வேண்டும். இவற்றில் எது தவறினாலும் காத்திராமல் உடனே அழைக்க வேண்டும் என்றார். அந்த மூன்று வரிகளை என் மகன் சுண்ணாம்புக்கட்டியால் கட்டுத்தரைக் கதவின் உட்புறம் எழுதி வைத்திருக்கிறான்.

அடுத்த ஆண்டு ஆடிச் சந்தைக்குப் பவளத்தை ஓட்டிக்கொண்டு போனோம். அங்கே குட்டியோடு நின்ற குதிரைகளைப் பார்த்து அவள் கனைத்துக்கொண்டே இருந்தாள். மதியத்துக்குள் திரும்பிவிட்டோம்.

இப்போது எங்கள் எண்ணமெல்லாம் வரும் ஆடியின் மேல்தான். தை நடுவில் பிறக்கும் குட்டிக்கு ஆடிப் புதனன்று ஆறு மாதம் நிறைந்திருக்கும். தாய்ப்பாலை மறந்து தீவனத்துக்குத் திரும்பும் வயது அது. சந்தையில் விற்கவா என்று கேட்கிறார்கள். விற்கும் எண்ணம் இல்லை. பவளம் நடக்க, அவள் விலாவை உரசியபடி குட்டி நடக்க, அந்த வெளியைச் சுற்றி ஒரு முறை வந்து கோயிலில் கும்பிட்டுத் திரும்ப வேண்டும் என்பதே என் ஆசை. என் மாமனாருக்கும் அதே ஆசைதான் என்பதை அவர் கை சொல்கிறது. சென்ற வாரம் திண்ணை வெயிலில் அமர்ந்து மெல்லிய பருத்திக் கயிற்றில் ஒரு சிறிய முகக்கயிற்றைப் பின்னத் தொடங்கினார். அளவுக்கு எந்தக் குட்டியும் இல்லாததால் பசுங்கன்றின் முகத்தில் வைத்து வைத்துப் பார்த்துக்கொள்கிறார்.

ஆடிக்கு முன்னே தை இருக்கிறது. போகியன்று வேப்பிலை, ஆவாரம்பூ, பூளைப்பூ சேர்த்துக் கூரையிலும் காட்டிலும் கட்டுத்தரையிலும் காப்புக் கட்டுவோம். பட்டிப் பொங்கலன்று சாணத்தாலும் மண்ணாலும் சிறு தெப்பக்குளம் கட்டி, அவரைப்பூவும் ஆவாரம்பூவும் வைத்து, மாட்டை மிதித்துத் தாண்டச் செய்யும் வழக்கத்தில் பவளமும் ஆண்டுதோறும் கலந்துகொள்வாள். இந்த ஆண்டு அவளைத் தாண்ட விடமாட்டோம். நெற்றியில் மஞ்சளும் குங்குமமும் மட்டும். பொங்கலை ஒட்டிச் சுற்றுவட்டாரத்தில் நடக்கும் குதிரை வண்டிப் பந்தயத்துக்கு என் தம்பி என் மகனை அழைத்துப் போவதாக வாக்குக் கொடுத்திருக்கிறான். புதுக் குதிரை, சின்னக் குதிரை, பெரிய குதிரை என்று பிரித்து விடும் அந்தப் பந்தயத்தைப் பற்றி இரவு உணவின்போது மகன் ஓயாமல் பேசுகிறான். ஓடும் குதிரையின் அழகை நானும் விரும்புகிறேன். அதன் நான்கு கால்களும் ஒரு கணம் தரையை விட்டு எழும் அந்த அழகு வேறெந்த விலங்கிடமும் எனக்குத் தெரியவில்லை. ஆயினும் தார்ச்சாலையில் ஓட விடுவதும், பின்னால் இருசக்கர வண்டிகளில் ஹாரன் அடித்துத் துரத்துவதும், மூன்று வயது நிரம்பாத குட்டியை வண்டியில் பூட்டுவதும் கூடாது என்பதை மகனிடம் உறுதியாகச் சொல்லியிருக்கிறேன். மண்பாதையில், சாட்டை இல்லாமல், கூச்சல் இல்லாமல் நடத்தும் பந்தயத்தை என்றாவது எங்கள் ஊரிலேயே நடத்த வேண்டும் என்று அவன் சொன்னபோது, நான் இரண்டாவது தோசையை அவன் தட்டில் கூடுதலாக வைத்தேன்.

மார்கழித் தொடக்கத்தில் பவளத்துக்கு இரணசன்னி (டெட்டனஸ்) தடுப்பூசி போட்டாகிவிட்டது. ஈற்றுக்கு ஒரு மாதம் முன்பு போட்டால் அந்தப் பாதுகாப்புச் சீம்பால் வழியாகக் குட்டிக்கும் போகும். லாடத்தையும் கழற்றிவிட்டோம், குட்டியின் மேல் தவறிக் கால் பட்டாலும் இரும்பின் அடி விழக்கூடாது. குளம்பின் அடியில் முக்கோணமாக இருக்கும் மென்பகுதி கார்த்திகை ஈரத்தில் அழுகத் தொடங்கியிருந்ததை என் கணவர் தினமும் சுரண்டித் துடைத்துச் சரிசெய்துவிட்டார். தடுப்பில் காய்ந்த வைக்கோல் ஒரு முழம் கனத்துக்கு விரிந்து கிடக்கிறது. கொப்பூழில் தடவ அயோடின், சுத்தமான துண்டுகள், டார்ச் லைட், மருத்துவரின் எண் எழுதிய அட்டை எல்லாம் ஒரு வாளிக்குள் தயாராக இருக்கின்றன.

குதிரை பெரும்பாலும் இரவில்தான் ஈனும். ஆகவே இரவை மூன்று முறையாகப் பிரித்திருக்கிறோம். பத்து மணி வரை மாமனார், பத்திலிருந்து இரண்டு வரை கணவர், இரண்டு மணிக்குப் பிறகு நான். விடுமுறையில் மகனும் என்னோடு எழுந்து வந்து கொண்டிருந்தான். பள்ளி திறந்துவிட்டதால் இப்போது அவனை எழுப்புவதில்லை, ஆனால் குட்டி தலை நீட்டினால் கட்டாயம் எழுப்புவேன் என்று சத்தியம் வாங்கியிருக்கிறான். நேற்று இரவு டார்ச்சைத் தாழ்த்திப் பிடித்து மடியைப் பார்த்தேன். ஒரு வாரத்துக்கு முன் இருந்ததைவிடத் தெளிவாக நிறைந்திருக்கிறது. வாலடித் தசையும் சற்றுத் தளர்ந்திருக்கிறது. காம்பு நுனியில் தேன்மெழுகு போன்ற துளி இன்னும் தோன்றவில்லை. அது தோன்றிவிட்டால் பெரும்பாலும் ஓரிரு நாள்தான். அவள் விலாவில் உள்ளங்கையை வைத்து நின்றபோது உள்ளிருந்து ஒரு சிறு குளம்பு என் கையை ஒரு முறை உந்திவிட்டு அடங்கியது. ஜமுக்காளத் திரைக்கு அப்பால் வாடை வீசிக்கொண்டிருந்தது.

இதை எழுதி முடிக்கும்போது மணி ஒன்பதரை. நாளைக்கான கொள்ளு இரண்டு பாத்திரங்களிலும் ஊறுகிறது. மாமனார் கட்டுத்தரையில் இருமும் ஒலி கேட்கிறது. கம்பளியை மறந்துவிட்டுப் போயிருக்கிறார், கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.